"எங்கே போகணும்?" என்று மாமாவை யாரும் கேட்கவில்லை!
பக்கவாதத்துக்குப் பின் மறுவாழ்வு: செல்போன் செய்த உதவியும் செய்ய முடியாததும்

(நமது பகுதி நேர நிருபர்)

மும்பை:

"எங்கே போகணும்?"

இந்தக் கேள்வியை நாள் ஒன்றுக்கு எத்தனை தடவை கேட்கிறேன் என்று நான் கணக்கு வைத்துக்கொண்டதில்லை. மும்பை புறநகர் ரயில் நிலையம் ஒன்றில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா நான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் குர்லா என்றால் குர்லா. கல்யாண் என்றால் கல்யாண். அவர் வாய் திறந்து ஊர்ப் பெயரைச் சொல்லாமல் டிக்கெட் அடிக்க முடியாது. நானாக ஓர் ஊரைத் தீர்மானித்து அவர் கையில் திணித்தால் சும்மா விடுவாரா?

அப்படிப்பட்ட நான், என் சொந்தத் தாய்மாமாவுக்கு, அவரை ஒரு வார்த்தை கேட்காமலே டிக்கெட் அடித்துக் கொடுத்துவிட்டேன். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்மவர்கள் வீட்டில் இப்படி ஒரு கஷ்டம் வந்தால், நான் செய்த தவறை அவர்களாவது செய்யாமல் இருக்கட்டும் என்பதே நோக்கம்.

காலை 4 மணி வியாபாரம்

மாமா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் முப்பது வருஷத்துக்கு மேலாக இட்லி வியாபாரம். காலை 4 மணிக்குக் கொப்பரையை அடுப்பில் ஏற்றுவார்கள். 6 மணிக்கு அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டி, ஹாரனை அமுக்கிக்கொண்டு மாமா புறப்பட்டுவிடுவார். அத்தை வீட்டில் மாவும் சட்டினியும் பார்த்துக்கொள்வார். மழைக்காலத்தில்கூட அந்த ஹாரன் சத்தம் நின்றதில்லை.

சென்ற வருஷம் ஒருநாள் நின்றது. எழுந்து உட்கார்ந்தவர் அப்படியே வலப்பக்கம் சாய்ந்துவிட்டார். வாய் கோணியது. பேச்சு குழறியது. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் காலும் மட்டும் வீட்டுக்கு வரும்போது கூடவே வரவில்லை.

அதன்பின் மறுவாழ்வுச் சிகிச்சை தொடங்கியது. கை கால்களுக்குப் பயிற்சி, அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி. சிகிச்சை கொடுத்தவர் ஒரு மராட்டிய இளம்பெண். நல்ல பொறுமைசாலி. முதல் நாளே மாமாவைப் பார்த்து ஹிந்தியில் கேட்டார்: "உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆசை?"

மாமாவின் ஹிந்தி, "தோ இட்லி, சார் இட்லி" என்கிற ஹிந்தி. வியாபாரத்துக்குப் போதும், மனசைச் சொல்லப் போதாது. அவர் தமிழில் ஏதோ குழறிக்கொண்டிருக்கும்போதே நான் முந்திக்கொண்டேன். "நடக்க வேண்டுமாம்" என்றேன்.

அவ்வளவுதான். பைலில் எழுதியாயிற்று: "இலக்கு: 50 மீட்டர் நடப்பது."

ஆறு வாரம் போயிற்று. மாமா பயிற்சிக்கு வர முகம் சுளித்தார். ஒருநாள் தலைவலி என்பார். இன்னொரு நாள் தூக்கம் என்பார். "மாமாவுக்குச் சோம்பேறித்தனம் வந்துவிட்டது" என்று நானும் அத்தையும் பேசிக்கொண்டோம். முப்பது வருஷம் 4 மணிக்கு எழுந்த மனிதரைப் பற்றித்தான் அப்படிப் பேசினோம்!

செல்போன் தமிழ் கேட்டது

சிகிச்சை செய்யும் அம்மாளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒருநாள் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, தன் செல்போனை மாமாவின் இடது கையில் கொடுத்தார். "தமிழிலேயே பேசுங்கள். அவசரம் இல்லை" என்று ஜாடை காட்டினார். செல்போனில் இருக்கும் மொழிபெயர்ப்பு வசதி தமிழைக் கேட்டு ஹிந்தியில் எழுதிக் காட்டியது.

சற்று நேரத்தில் அவர் வெளியே வந்து என்னிடம் கேட்டார்: "இவர் சப்பாத்திக் கடை வைத்திருந்தாரா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. செல்போனைப் பார்த்தேன். மாமா "மாவு" என்று சொன்னதை இயந்திரம் "ஆட்டா" என்று எழுதியிருந்தது! பதிவான மாமாவின் குரலைப் போட்டுக் கேட்டேன். குழறலுக்கு நடுவே வார்த்தைகள் தெளிவாகத்தான் இருந்தன:

"எனக்கு நடந்து போயி எந்த ராஜ்ஜியத்தப் பிடிக்கணும்? ஒங்க அத்தை ஒத்தையில கெடந்து அல்லாடுதா. இட்லித் தட்டுல மாவ ஊத்துத அளவுக்கு இந்தக் கை வந்தாப் போதும் மாப்ளே."

என்னை வெளியே அனுப்பியும், மாமா என்னிடம்தான் பேசியிருக்கிறார். ஆறு வாரம் பக்கத்திலேயே இருந்தும் கேட்காத காது எனக்கு.

இட்லித் தட்டின் படம் ஒன்றைச் செல்போனில் எடுத்து அந்த அம்மாளிடம் காட்டினேன். அவர் சிரித்தார். பிறகு பைலில் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

இலக்கை யார் எழுதுவது?

சிகிச்சைக்கு இலக்கு வைப்பது புதிய யோசனை அல்ல. 1968-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கிரெசுக், ஷெர்மன் என்ற இருவர் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். மனநல சிகிச்சைக்காக அமைந்தது அது. பின்னர் மறுவாழ்வுச் சிகிச்சைக்கும் வந்தது. எல்லா நோயாளிக்கும் ஒரே அளவுகோல் இல்லாமல், ஒவ்வொருவருக்கும் அவரவர் இலக்கை வைத்து ஐந்து படிகள் எழுதுவது அதன் முறை. எதிர்பார்த்தது கிடைத்தால் பூஜ்யம். அதற்கு மேல் போனால் கூட்டல் 1, கூட்டல் 2. கீழே நின்றால் கழித்தல் 1, கழித்தல் 2.

1991-இல் கனடாவில் இன்னொரு முறை வந்தது. அன்றாட வாழ்க்கையில் தனக்கு முக்கியமான, செய்ய முடியாமல் தவிக்கிற வேலைகளை நோயாளியே சொல்ல வேண்டும். அவற்றில் அதிகபட்சம் ஐந்தைத் தேர்ந்துகொண்டு, "எவ்வளவு நன்றாகச் செய்கிறேன், எவ்வளவு திருப்தி" என்று 1 முதல் 10 வரை அவரே மார்க் போட வேண்டும். டாக்டர் போடும் மார்க் அல்ல. நோயாளி தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மார்க்!

இதற்கு நம் வேலூரிலேயே ஒரு வாழ்க்கை உதாரணம் உண்டு. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இரண்டு கால்களும் செயலிழந்தவர். "மறுபடி நடக்க வேண்டும்" என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு நிலையம் உருவாக முன்னின்றார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எதை அடைய வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார் என்பதுதான் கவனிக்கத் தக்கது.

மாமாவின் ஐந்து படிகள்

அந்த அம்மாள் செல்போனில் ஒரு பட்டியல் தயாரித்தார். மாமா, அத்தை, நான், ஊரில் இருக்கும் மாமாவின் மகள், சிகிச்சை செய்பவர் ஆகிய ஐந்து பேருக்கும் அந்தப் பட்டியல் அவரவர் செல்போனில் தெரியும். ஒருவர் திருத்தினால் மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும். எட்டு வாரம் கெடு.

கழித்தல் 2: வலது கையால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை (அன்றைய நிலைமை).

கழித்தல் 1: கரண்டியைப் பிடிக்கிறார், இடது கை தாங்கினால்தான் ஊற்ற முடிகிறது.

பூஜ்யம்: உட்கார்ந்தபடி, வலது கையால் மட்டும், நாலு குழித் தட்டு ஒன்றை நிரப்புகிறார்.

கூட்டல் 1: உட்கார்ந்தபடி மூன்று தட்டுகளை நிரப்புகிறார்.

கூட்டல் 2: காலை வியாபாரத்துக்கான எல்லாத் தட்டுகளையும் நிரப்புகிறார்.

அத்தைக்கு எழுத்து தெரியாது. அதனால் ஒவ்வொரு படிக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சிக்னல் மாதிரி நிறம் கொடுத்து, பக்கத்தில் படமும் வைத்தார்கள். எழுதுவதற்குப் பதில் குரலில் பேசி அனுப்பலாம் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். வெறும் கரண்டி, பிறகு தண்ணீர், பிறகு நீர்த்த மாவு, கடைசியில் கெட்டி மாவு என்று பயிற்சி நடந்தது. கையில் உணர்ச்சி குறைவாக இருப்பதால் சூடு தெரியாது. ஆகவே அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு.

வாரம் ஒரு தடவை அரை நிமிஷம் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றுவிடவில்லை. போகிற நாட்களுக்கு நடுவில் வழி தவறாமல் இருந்தது, அவ்வளவே. ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அவர் உடனே போன் செய்தார். மாமா தோளைத் தூக்கித் தூக்கிக் கரண்டியை எடுக்கிறார், அது தவறான பழக்கம், மேஜை உயரத்தைக் குறையுங்கள் என்றார். நேரில் போகும் நாள்வரை காத்திருந்தால் அந்தப் பழக்கம் ஊறிப்போயிருக்கும்.

ஐந்து பேருக்கு ஐந்து ஆசை

பட்டியல் பொதுவானதும் வேறொரு விஷயம் வெளியே வந்தது. ஒவ்வொருவர் மனசிலும் ஒவ்வோர் இலக்கு இருந்திருக்கிறது!

ஊரிலிருந்து மகள் குரல் அனுப்பினாள்: "அப்பா மும்பையை விட்டுட்டு இங்க வந்துரட்டும்." மாமாவுக்கு அதில் இஷ்டமில்லை. அத்தை நாலு நாள் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் அவர் குரல் வந்தது: "ராத்திரி ரெண்டு தடவை அவுகளத் தூக்கி நிறுத்தி, பொதுக் கக்கூசு வரைக்கும் கூட்டிட்டுப் போக எனக்கு இடுப்பு தாங்கல." பக்கத்திலேயே படுத்திருப்பவரிடம் சொல்லக் கூச்சப்பட்டதை அத்தை செல்போனிடம் சொன்னார்.

சிகிச்சை செய்பவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். யாருடைய இலக்கு என்று பெயர் போட்டுத் தனித்தனியாக எழுதினார். மகளுடைய ஆசை மகளுடையதாகவே இருந்தது; அது மாமாவின் இலக்காக மாறவில்லை. அத்தையின் வார்த்தையை மாமா கேட்டார். தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் அவராகவே, "நடக்கவும் சொல்லிக் குடுங்க" என்றார்.

நடை மறுபடி பட்டியலில் ஏறியது. ஆனால் "50 மீட்டர்" என்று அல்ல. "வாசலிலிருந்து கழிப்பறை வரை 40 அடி, ஊன்றுகோலுடன், ராத்திரியில்" என்று. அதே கால், அதே நடைதான். முதலில் அது நான் அடித்த டிக்கெட். இப்போது அது அவரே கேட்டு வாங்கிய டிக்கெட். அதற்குப் பிறகு மாமாவுக்குத் தலைவலி வரவில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஒரு வீட்டுக் கதையை வைத்து உலகத்துக்கே நியாயம் சொல்லக் கூடாது. ஆகவே ஆய்வாளர்கள் கண்டதையும் சொல்கிறேன்.

மறுவாழ்வில் இலக்கு வைப்பது பற்றி 39 ஆய்வுகளை, 2,846 பேரின் விவரங்களோடு, 2015-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நோயாளியின் வாழ்க்கைத் திருப்தி, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை ஆகியவற்றுக்கு அது உதவலாம் என்று தெரிந்தது. ஆனால் சான்றுகள் பலவீனமானவை என்றும் சொன்னார்கள். இலக்கை எழுதினால் கை தானாக எழுந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

போன், வீடியோ வழியாகத் தூரத்திலிருந்து கொடுக்கும் பக்கவாத மறுவாழ்வுச் சிகிச்சை பற்றி 2020-இல் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நேரில் கொடுக்கும் சிகிச்சையைவிட அது மோசம் என்று தெரியவில்லை. மேல் என்றும் தெரியவில்லை.

நம் நாட்டிலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகள், 1,250 பக்கவாத நோயாளிகள். குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களோடு சேர்ந்து இலக்கும் வைத்து, வீட்டிலேயே சிகிச்சை செய்யச் சொன்னார்கள். 2017-இல் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பயிற்சி பெற்ற குடும்பத்தாரின் நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! எல்லாப் பாரத்தையும் குடும்பத்தின் தலையில் போட்டுவிட்டு ஒதுங்கினால் போதாது என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். செல்போனும் அப்படித்தான். அது சிகிச்சை செய்பவரை நம் வீட்டுக்குள் கொண்டுவந்தால் பிரயோஜனம். அவருக்குப் பதிலாக அதையே வைத்துக்கொண்டால் பிரயோஜனமில்லை.

சில எச்சரிக்கைகள்

1. மொழிபெயர்ப்பு இயந்திரத்தை அப்படியே நம்ப வேண்டாம். "மாவு" ஆட்டாவான கதையைப் பார்த்தோம். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். பொருள்களுக்குப் படம் காட்டுங்கள். மருந்தின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றை மட்டும் இயந்திரத்திடம் விடாமல், இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரை வைத்துச் சரிபாருங்கள்.

2. செல்போன் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் ஒரே ஒரு போன் இருந்து அதுவும் மகன் பாக்கெட்டில் இருந்தால், நோயாளி தன் மனசைச் சொல்ல வழி ஏது? பெண் நோயாளிகளுக்கு இது இன்னும் கஷ்டம். வாரம் அரைமணி நேரமாவது போனை அவர் கையில் கொடுத்துவிட்டு மற்றவர்கள் வெளியே போங்கள்.

3. குளிப்பது, உடை மாற்றுவது போன்ற வீடியோக்களைக் குடும்பக் குழுவில் போடவே கூடாது. அவை சிகிச்சை செய்பவருக்கு மட்டும், அதுவும் நோயாளி சம்மதித்தால் மட்டும். போனில் ஓ.டி.பி. கேட்கும் எவருக்கும் சிகிச்சையோடு சம்பந்தமில்லை.

4. நிறம் மஞ்சளிலிருந்து சிவப்புக்குத் திரும்பினால் நோயாளியைத் திட்டாதீர்கள். இலக்கை மாற்றலாம், தள்ளி வைக்கலாம். அதற்காகத்தான் அது திருத்தக்கூடிய பட்டியலாக இருக்கிறது.

5. திடீரென்று முகம் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ செல்போனில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நம்மவர்களுக்கு உள்ள வழிகள்

மும்பையில் ஹாஜி அலி பகுதியில், 1955-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் அகில இந்திய உடலியல் மருத்துவ, மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. வீட்டிலிருந்தே டாக்டரைக் கலந்துகொள்ள, 2019-இல் வந்த மத்திய அரசின் "இ-சஞ்சீவனி" உண்டு. மொழிபெயர்ப்புக்கு 2022-இல் தொடங்கிய "பாஷிணி" உண்டு.

ஊருக்கே திரும்பிப் போகிறவர்கள், தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை கொடுப்பதைப் பற்றி ஆரம்பச் சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். இங்கே எழுதிய இலக்குப் பட்டியல் செல்போனில் இருந்தால், அங்கே புதிதாக வருபவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

அரசு வேலையில் இருக்கும் குமாஸ்தா நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 20-ஆம் பிரிவை அறிந்துகொள்ளுங்கள். பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால், அதற்காக அரசு நிறுவனம் ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அந்த வேலைக்குத் தகுதியில்லை என்றால் அதே சம்பளத்தில் வேறு பொருத்தமான பதவி தரவேண்டும். ஆகவே "வேலைக்குத் திரும்ப வேண்டும்" என்பது உங்கள் இலக்கானால், முதல் நாளே தயங்காமல் எழுதச் சொல்லுங்கள். பேனா பிடிப்பதா, விசைப்பலகை தட்டுவதா, ரயில் ஏறுவதா என்று பிரித்துச் சொல்லுங்கள்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை

எட்டாவது வாரம் மாமா கழித்தல் 1-இல்தான் நின்றார். இதை மறைக்க வேண்டியதில்லை. கெடுவை இன்னும் நாலு வாரம் தள்ளி வைத்தார்கள். 40 அடி நடை மட்டும் முதலில் பச்சையாயிற்று. இப்போது ராத்திரியில் அத்தை டார்ச் மட்டும் பிடிக்கிறார். சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டி வியாபாரத்துக்குப் போக ஒரு பையனை வைத்திருக்கிறார்கள். அவனுக்குக் கூலி போக மிச்சம் குறைவுதான். மகளுடைய ஆசை பட்டியலில் இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. பொங்கலுக்கு ஊர் போகும்போது பேசிக்கொள்ளலாம் என்று மாமா சொல்லியிருக்கிறார்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைமேல் நாலு குழித் தட்டை வைத்துக்கொண்டு, மாமா வலது கையால் கரண்டியை எடுத்தார். கை நடுங்கியது. முதல் குழியில் பாதி வெளியே சிந்திற்று. அத்தை கையை நீட்டப் போனார், மாமா முறைத்தார். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது குழி நிரம்பியது. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டைக் கொப்பரைக்கு எடுத்துப் போனார்.

வீடியோ எடுத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து மாமா சொன்னார்:

"மாப்ளே, இத அந்த டாக்டரம்மாவுக்கு அனுப்பு. மாவுன்னா ஆட்டா இல்ல, இதுதான் மாவுன்னு சொல்லு."